பத்துக்குப் பத்து குடிசையில எத்தனை 'நான்'?
வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல அரைப்பக்கம் காலியா இருந்துச்சுன்னு பழைய ஜப்பான் சாமியாருங்க ரெண்டு பேரைப் பத்தி சும்மா எழுதி வச்சேன். ஒருத்தர் காமோ நோ சோமெய். 1212ல 'ஹோஜோகி'ன்னு குட்டியா ஒண்ணு எழுதினவர், பத்தடிக்குப் பத்தடி குடிசையில வாழ்ந்தவர். இன்னொருத்தர் யோஷிதா கென்கோ. 1330 வாக்குல 'த்சுரெசுரெகுசா'ன்னு 243 துண்டா மனசுல பட்டதையெல்லாம் எழுதினவர். கென்கோ ஒரு நாள் மலையோரமா போறப்ப ஒரு துறவி குடிசையைப் பாத்து அப்பிடியே மயங்கி நிக்கிறாரு, அப்புறம் அந்தாண்ட வேலி போட்ட ஒரு கமலா ஆரஞ்சு மரத்தைப் பாத்து 'சே'ன்னு ஆயிடுறாரு, அந்தக் கதையையும் சொல்லியிருந்தேன். இதுக்குப் போயி இத்தனை லெட்டர் வரும்னு நான் எதிர்பாக்கல, மாங்கா வெலையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினேன், அதுக்கு ஒரு போஸ்ட் கார்டு கூட வரல.

கேள்வி: ஐயா, எனக்கு நாலு ஏக்கர் பெங்களூரா மாமரம் இருக்கு. வேலி போடலைன்னா ஆடு, குரங்கு, அப்புறம் மனுசன். வேலி போட்டா உங்க ஜப்பான் சாமி என்னைப் பேராசைக்காரன்னு சொல்வாரு போல. நான் என்னதான் பண்றது?
(மாந்தோப்பு விவசாயி, காவேரிப்பட்டணம்)

பதில்: வேலியைப் போடுங்க மொதல்ல. அப்புறம் பேசலாம்.

எங்க மாமாவுக்கு உங்க பக்கம்தான் தோப்பு. சின்ன வயசுல மே மாசம் முழுக்க அங்கதான் காவல். நாலு கம்பு, மேல தென்னங்கீத்து, ஒரு கயித்துக் கட்டில், மூணு பேட்டரி டார்ச்சு, ஒரு டிரான்சிஸ்டர், பானையில தண்ணி, தூக்குல களி. ராத்திரி தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டா அது காத்துல விழுந்த காயா, கல்லால அடிச்ச காயான்னு மாமா படுத்த வாக்குலயே சொல்லிடுவாரு. அந்தக் குடிசையில அவருக்குன்னு ஒண்ணுமே கெடையாது, சட்டையைக் கூட கம்புல மாட்டிருவாரு, தூரத்துல நின்னு பாத்தா எந்தச் சாமியாருக்கும் அவரு குறைஞ்சவரில்ல. ஆனா அவரு காது மட்டும் நாலு ஏக்கருக்கும் விரிஞ்சு கெடக்கும்.

கென்கோ பாத்த குடிசையும் அப்பிடித்தான் ஆரம்பிக்குது. அவங்க கணக்குல பத்தாவது மாசம், இலையெல்லாம் உதிர்ற காலம், இடம் குருசுனோ. பாசி படிஞ்ச ஒத்தையடிப் பாதையில ரொம்ப தூரம் உள்ள போறாரு. மூங்கில் குழாய் மேல இலை மூடிக் கெடக்கு, அதுலேர்ந்து சொட்டுற தண்ணியைத் தவிர வேற சத்தமில்ல. பூஜைக்குத் தண்ணி வைக்கிற பலகையில செவ்வந்தியும் மேப்பிள் கொப்பும் ஒடிச்சு வச்சிருக்கு, அதனால உள்ள யாரோ இருக்காங்கன்னு தெரியுது. 'இப்பிடியும் வாழலாமா'ன்னு உருகி நிக்கிறப்ப அந்தப் பக்கம் தோட்டத்துல பெரிய கமலா மரம், கிளையெல்லாம் காய் கனம் தாங்காம வளைஞ்சு கெடக்கு, சுத்தி கெட்டியா வேலி. அதோட எல்லாம் போச்சு. அவர் எழுதினதைக் கவனிங்க. 'இந்த வேலி இல்லாம இருந்திருந்தா'ன்னு எழுதல, 'இந்த மரம் இல்லாம இருந்திருந்தா'ன்னு எழுதுறாரு. மரம் இருந்தா வேலி வரும்னு அவருக்குத் தெரியும், ஏன்னா அவரும் காய்க்கிற மரத்துக்குச் சொந்தக்காரர் மாதிரிதான். 1313ல யமாஷினாவுல ஒரு சோ வயலை 90 கான் காசு குடுத்து வாங்கினாரு, நம்ம கணக்குல ரெண்டரை மூணு ஏக்கர் வரும், பத்திரம் இன்னைக்கும் இருக்கு. அதுல அவரைத் துறவின்னுதான் போட்டிருக்கு! ஆக ஒரு நெலக்காரத் துறவி இன்னொரு துறவியோட கமலா மரத்தைப் பாத்து முகம் சுளிச்சிருக்காரு. எனக்கு என்னமோ அந்த முகச்சுளிப்பு கண்ணாடியைப் பாத்து வந்ததுன்னுதான் தோணுது. நீங்க முள்ளு வெட்ட ஆள் சொல்லிட்டீங்களா?

கேள்வி: அண்ணா, ஓசூர்ல பிஜியில ஒரு பத்துக்குப் பத்து ரூம்ல மூணு பேர் இருக்கோம். நாங்களும் சோமெய்தானா?
(டூல் ரூம் அப்ரண்டிஸ், ஓசூர்)

பதில்: தம்பி, அவரு தனியா இருந்தாரு, வாடகை இல்ல. உயரம் ஏழு அடிக்கும் கம்மி, மூட்டுக்கு மூட்டு கொக்கி போட்டு வச்சிருந்தாரு, இடம் புடிக்கலைன்னா கழட்டி ரெண்டு வண்டியில ஏத்திட்டுப் போயிடலாம், அட்வான்ஸ் திரும்ப வருமாங்கற கவலை இல்ல. உள்ள அமிதா புத்தர் படம், தாமரை சூத்திரம், கவிதைப் புக்கு, இசைப் புக்கு, மடக்கி வைக்கிற கோட்டோ ஒண்ணு, கழட்டி மாட்டுற பிவா ஒண்ணு, ரெண்டும் தந்தி வாத்தியம். எல்லாத்தையும் விட்டவர் ரெண்டு வாத்தியத்தை மட்டும் விடல பாத்துக்க. உன் ரூம்ல அந்த கிட்டார் யாருது?

கேள்வி: நாடே பஞ்சத்துல சாகும்போது மலையேறி குடிசை போட்டுக்கிட்டு 'நான் நிம்மதியா இருக்கேன்'ன்னு எழுதினவரை நீங்க தூக்கிப் புடிக்கிறது எனக்கு உடன்பாடில்ல. இது தப்பிச்சு ஓடுறது. தனிமனுசன் சுகம்.
(ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர், பர்கூர்)

பதில்: கோவத்துல நியாயம் இருக்குங்க. ஆனா வரிசை அப்பிடி இல்ல. பஞ்சம் 1181, 82ல. சோமெய் தலையை மழிச்சுக்கிட்டது அம்பது வயசு வாக்குல, அதாவது இருவது வருசத்துக்கும் மேல கழிச்சு. அந்தப் பஞ்சத்தப்ப அவரு கியோட்டோ தெருவுல நின்னு பாத்துட்டு இருந்தவர். பஞ்சம் மட்டுமில்ல, 1177ல பெரிய தீ, 1180ல சூறாவளி, அதே வருசம் தலைநகரையே ஃபுகுஹாராவுக்கு மாத்தறேன்னு பண்ணின கூத்து, 1185ல பூகம்பம், அஞ்சையும் அவர் எழுதி வச்சிருக்காரு. புக்குல பாதி அதுதான். குடிசை சமாச்சாரமே அதுக்கப்புறம்தான் வருது, நான் போன தடவை அந்தப் பாதியை விட்டுட்டேன், என் தப்பு.

என்ன எழுதியிருக்காருன்னு சொல்றேன். சாப்பாட்டுக்கு வழியில்லாம ஜனங்க சொந்த வீட்டைப் பிரிச்சு விறகா கொண்டாந்து விக்கிறாங்க, ஒரு ஆள் சுமக்கிற கட்டுக்கு ஒரு நாள் உசுரைப் புடிச்சு வைக்கிற காசு கூட வரல. அந்த விறகுல அங்கங்க செவப்புச் சாயமும் தங்கரேக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. என்னன்னு விசாரிச்சா, பழைய கோயிலுக்குள்ள போயி புத்தர் செலையைத் திருடி, சாமான்களை உடைச்சு, பிளந்து கொண்டாந்திருக்காங்க. புருசன் பொண்டாட்டியில யாருக்குப் பாசம் அதிகமோ அவங்க மொதல்ல செத்தாங்க, கிடைச்ச ஒரு வாயை அடுத்தவங்களுக்குக் குடுத்ததால. அப்பா அம்மாவும் புள்ளையும்னா அப்பா அம்மாதான் முன்னாடி. அம்மா செத்தது தெரியாம பால் குடிச்சிட்டுக் கெடந்த கொழந்தையையும் எழுதுறாரு.

நின்னாஜி கோயில்ல ர்யூக்யோன்னு ஒரு துறவி. தெருவுல பொணத்தைப் பாத்தா ஒவ்வொரு நெத்தியிலயும் 'அ'ன்னு ஒரு எழுத்து எழுதுறாரு, சீனத்து எழுத்து இல்ல, புத்த மதத்தோட இந்தியாவுலேர்ந்து போன சித்தம் எழுத்துல 'அ'. எத்தனை பேர்னு தெரிஞ்சுக்க எண்ணிப் பாத்தாங்களாம், நாலாவது அஞ்சாவது ரெண்டே மாசத்துல, தலைநகரத்தோட கெழக்குப் பாதியில மட்டும் 42,300. அதுக்கு முன்னயும் பின்னயும் செத்தவங்க, ஆத்தோரம், ஊருக்கு வெளிய கெடந்தவங்க இதுல சேத்தி இல்லன்னும் சொல்லிடுறாரு.

நம்ம பக்கத்துல தாது வருசப் பஞ்சம்னு பாட்டிங்க சொல்லுவாங்க, 1876லேர்ந்து 78 வரைக்கும், அப்ப நாம எல்லாம் சேலம் ஜில்லா. எங்க பாட்டியோட பாட்டி புளியங்கொட்டையை வறுத்து இடிச்சுத் தின்னதா ஒரு கதை எங்க வீட்டுல உண்டு, ஆனா அந்தப் பஞ்சத்துல எங்க வம்சத்துல யார் யார் செத்தாங்கன்னு ஒரு பேர் கூட எங்க கிட்ட இல்ல. அந்தத் துறவி அவங்க பேரைக் கேக்கல, கேட்டா சொல்ல யாருமில்ல, ஆனா தலைக்கு ஒரு எழுத்து. பொணத்தை எடுத்துப் போடக்கூட வழியில்லாம தெருவுல கெடந்த நேரத்துல ஒவ்வொரு நெத்தியையும் தனியா தொட்டிருக்காரு. சோமெய் இதை எழுதாம விட்டிருந்தா அந்தத் தொடுதலும் போயிருக்கும். தனிமனுசன் சுகம்னு சொன்னீங்களே, இதையும் அந்தக் கணக்குல வச்சுப் பாருங்க.

அதே நேரம் அவரு ஒண்ணும் உத்தமர்னு நான் சொல்லல. ஷிமோகாமோ கோயில் பூசாரி குடும்பம், அப்பா சீக்கிரம் போயிட்டாரு, கிடைக்க வேண்டிய பூசாரிப் பதவியைச் சொந்தக்காரரே குறுக்க விழுந்து தடுத்துட்டாரு, அந்தக் கடுப்புலதான் கெளம்பினாருன்னு சொல்றதுண்டு. ப்ரமோஷன் கிடைக்காம விஆர்எஸ் வாங்கினவங்களை உங்க ஆபீஸ்ல பாத்திருப்பீங்க. 1211ல, அதாவது இந்தப் புக்கு எழுதறதுக்கு மொத வருசம், காமகுரா வரைக்கும் அத்தனை தூரம் பயணம் போயி ஷோகன், அதாவது ராணுவ ஆட்சித் தலைவர், சனெதோமோவைப் பாத்துட்டு வர்றாரு. உலகத்தை வெறுத்தவருக்கு ஷோகன் கிட்ட என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம், நானும் கேக்கறேன்.

கேள்வி: 'நான்' என்பது அழிந்தால்தானே துறவு? ஜப்பானிய மொழியிலேயே 'நான்' என்ற சொல் அதிகம் வராதாமே. அப்படியானால் அவர்கள் பாதி தூரம் கடந்துவிட்டவர்கள்தானே?
(தமிழாசிரியர், தருமபுரி)

பதில்: ஐயா, உங்க கேள்விக்கு என் பேச்சுத்தமிழ்ல பதில் சொல்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, நீங்க செவப்பு மை பேனாவோட படிப்பீங்கன்னு தெரியும்.

நாமளும் 'நான்'ஐ அடிக்கடி விட்டுட்டுத்தான் பேசறோம். 'நேத்து வந்தேன், பாத்தேன், போயிட்டேன்.' ஆனா அந்த 'ஏன்' வாலு ஒட்டிக்கிட்டே இருக்கு, நான் எங்கயும் போகல. ஜப்பான் மொழி வினைச்சொல்லுல அந்த வாலும் கெடையாது, வந்தது நானா நீயா அவனான்னு எடத்தை வச்சுதான் புரிஞ்சுக்கணும். அதனால 'நான்' கரைஞ்சு போச்சுன்னு நெனச்சா ஏமாந்துடுவோம், திருடன் ராத்திரி லைட்டை அணைச்சுட்டு நடமாடற மாதிரிதான் அது. சோமெய் எழுத்துல அது வேற வேஷத்துல வரும், 'மி'ன்னா உடம்பு, 'கொகொரோ'ன்னா மனசு. குடிசை வாழ்க்கையைச் சொல்றப்ப கையி வேலைக்காரன், காலு வண்டி, ரெண்டும் என் மனசு சொன்னபடி கேக்குதுங்கறாரு. உடம்பு களைச்சா மனசுக்குத் தெரியும், அதனால ஓய்வு குடுக்கும், அடுத்தவனைக் கூலிக்கு வச்சா அந்தக் கரிசனம் வருமான்னு ஒரு லாஜிக். ஒரே ஆளுக்குள்ள மொதலாளி தொழிலாளி ரெண்டும் ராசியா இருக்காங்க.

கடைசிப் பக்கத்துலதான் ராசி முறியுது. நிசப்தமான விடியக்காலம், அவர் தன்னைத் தானே கேக்கறாரு. கேக்கறப்ப 'நீ'ங்கறாரு! உலகத்தை விட்டு காட்டுக்கு வந்தது மனசை அடக்கி வழியில நடக்கத்தானே, நீ பாக்கறதுக்கு சாமியார், உள்ள மனசு அழுக்குல ஊறிக் கெடக்கு. குடிசை மேல ஆசை வச்சா அதுவும் பற்றுதான்னு அவருக்கு உறைச்சுடுச்சு. இது போன ஜென்மத்து வினையால வந்த வறுமை படுத்துற பாடா, இல்ல மனசு முத்திப் பைத்தியம் புடிச்சுடுச்சான்னு நேரடியாவே கேக்கறாரு. அப்ப மனசு வாயே திறக்கலன்னு எழுதுறாரு. அப்புறம் செய்யறதுதான் எனக்குப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும், நாக்கைக் கூப்புடுறாரு, அவர் போட்ட சொல்லு கூலிக்கு ஆள் அமத்துறதுக்குச் சொல்ற சொல்லு. நாக்கைக் கூலிக்கு அமத்தி ரெண்டு மூணு தடவை அமிதா புத்தர் பேரைச் சொல்ல வச்சுட்டு நிறுத்திடுறாரு. அடுத்தவனை வேலைக்கு வைக்க மாட்டேன்னு பெருமை பேசின ஆளு, கடைசியில சொந்த நாக்கையே தினக்கூலி மாதிரி கூப்புடுறாரு.

'நெஞ்சொடு கிளத்தல்'னு குறள்ல அதிகாரமே இருக்கறது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதுலயும் ஒரு மருந்து சொல்ல மாட்டியான்னு நெஞ்சைப் புடிச்சுக் கெஞ்சறாங்க, பத்துக் குறள் முடியற வரைக்கும் நெஞ்சு ஒரு வார்த்தை பேசல. அங்க காதல், இங்க துறவு, ஆனா பதில் பேசாத அந்த நெஞ்சு ரெண்டு எடத்துலயும் ஒண்ணாத்தான் எனக்குத் தெரியுது. 'நான்' அழிஞ்சிருந்தா கேக்கறது யாரு, பதில் சொல்லாம முறைச்சிட்டு உக்காந்திருக்கறது யாருங்கய்யா? ரெண்டு பேர் ஆயிடுச்சு. நாக்கையும் சேத்தா மூணு.

கேள்வி: சார், இந்த ஆம்பளைங்க எல்லாம் குடிசைக்குப் போயிட்டாங்க சரி, வீட்டுல இருந்தவங்க கதி? பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி கெளம்புற வசதி இருந்துச்சா?
(சுய உதவிக்குழுத் தலைவி, பாலக்கோடு)

பதில்: அக்கா, சரியான எடத்துல கையை வச்சீங்க. சைக்யோன்னு பெரிய கவிஞர், 1118ல பொறந்து 1190ல செத்தவர், அரண்மனைக் காவல்ல வீரனா இருந்து இருவத்திரெண்டு இருவத்திமூணு வயசுல துறவியானவர். அவரைப் பத்திப் பின்னால வந்த கதையில ஒரு காட்சி, கெளம்பற அன்னைக்கு நாலு வயசுப் பொண்ணு ஓடி வந்து சட்டையைப் புடிக்குது, பாசத்தை அறுக்கணும்னு அதைத் திண்ணையிலேர்ந்து எட்டி உதைச்சுத் தள்ளிட்டுப் போறாரு. நடந்துச்சோ இல்லையோ, துறவுன்னா இப்பிடித்தான்னு அந்தக் காலத்துல பெருமையா சொல்லியிருக்காங்க. எனக்கு அந்தப் பொண்ணு முட்டியில பட்ட சிராய்ப்புதான் கண்ணுல நிக்குது, அதைப் பத்தி ஒருத்தரும் கவிதை எழுதல.

பொம்பளைங்களும் போனாங்க. 1258ல பொறந்த நிஜோங்கற அம்மா, பதினாலு வயசுல முன்னாள் பேரரசர் கோஃபுகாகுசாவோட அந்தப்புரத்துக்குப் போனவங்க, அங்கேர்ந்து வெளிய தள்ளினதுக்கு அப்புறம் துறவியாகி ஊர் ஊரா நடந்தாங்க. ஒம்போது வயசுல சைக்யோவோட பயணப் படச்சுருளைப் பாத்ததுலேர்ந்தே தானும் அப்பிடிப் போவணும்னு ஆசைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அந்தாளு பொண்ணை உதைச்சுட்டுப் போனாருன்னு கதை, வேற ஒரு வீட்டுப் பொண்ணு அந்தாளைப் பாத்தே நடக்கக் கத்துக்கிச்சு. அவங்க எழுதினதோட பிரதி பல நூறு வருசம் யார் கண்ணுலயும் படாம கெடந்து 1938லதான் கையில சிக்குச்சு. சோமெய் புக்கு அப்பிடிக் காணாமப் போகல, கவனிச்சுக்கோங்க.

கேள்வி: எல்லா வாட்ஸ்அப் குரூப்லேர்ந்தும் வெளிய வந்துட்டேன். சொந்தக்காரங்க குரூப், ஸ்கூல் குரூப், தெரு குரூப் எல்லாம். நிம்மதியா இருக்குன்னு நெனச்சேன். ஆனா நான் போனதை யாராச்சும் கவனிச்சாங்களான்னு தம்பி போனை வாங்கி தெனம் பாக்கறேன். இது என்ன வியாதி?
(பெயர், முகவரி வெளியிட வேண்டாம், கிருஷ்ணகிரி)

பதில்: வியாதின்னா ரொம்பப் பழைய வியாதிங்க. சைக்யோ ஒரு பாட்டுல, தனிமையைத் தாங்கத் தெரிஞ்ச இன்னொரு ஆள் இருந்தா தேவலை, இந்தக் குளிர்கால மலையூர்ல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல குடிசை போட்டுக்கலாம்னு ஏங்கறாரு. தனியா இருக்கத் துணை தேடறாரு! சோமெய்க்கு மலையடிவாரத்துக் காவக்காரன் பையன்தான் கூட்டு, இவருக்கு அறுவது, அவனுக்குப் பத்து, ரெண்டும் சேந்து கெழங்கு, கீரை, காட்டுப்பழம் பொறுக்கிட்டு அறுவடை முடிஞ்ச வயல்ல கதிர் பொறுக்கிட்டுத் திரியுங்க. அந்தப் பையன் கிட்ட அவர் என்ன பேசினாருன்னு எழுதாம விட்டுட்டாரு, எழுதியிருந்தா அதைத்தான் நான் மொதல்ல படிப்பேன்.

நீங்க பேரைப் போட வேண்டாம்னு எழுதியிருக்கீங்க, போடல. சோமெய் போட்டாரு. மனசு பதில் பேசல, நாக்கைக் கூலிக்கு வச்சேன்னு அத்தனையும் சொல்லி முடிச்ச கையோட, கடைசி வரியில கென்ர்யாகு ரெண்டாம் வருசம் (நம்ம கணக்குல 1212), மூணாவது மாசக் கடைசி, துறவி ரென்இன், தொயாமா குடிசையில எழுதினதுன்னு தேதி, துறவுப்பேரு, விலாசம் மூணையும் போட்டு வச்சிருக்காரு.

உங்க லெட்டர்லயும் பின்பக்கம் பென்சில்ல விலாசம் இருக்கு. இதழ் அனுப்பி வைக்கிறேன்.